பிரிண்ட் கொடுத்தால் தாள் வரவில்லையா? லினக்ஸ் பிரிண்டருக்கு அறிகுறி பார்த்து வைத்தியம்

ராத்திரி ஒன்பதரைக்கு அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, பிரிண்ட் கொடுத்தா முடிஞ்சதுன்னு சொல்லுது. தாள் மட்டும் வரல. காலைல ஆறரைக்குப் பசங்க டெஸ்ட் எழுத வந்துருவாங்க."

"என்ன பண்ணிப் பாத்தீங்க அக்கா?"

"டிரைவரை எடுத்துட்டு மறுபடி போட்டேன். மூணு தடவை."

அக்கா வீட்டில் டியூஷன் எடுக்கிறார். அவர் மடிக்கணினியில் உபுண்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நான். ஆகவே பிரிண்டர் இருமினாலும் எனக்குத்தான் போன் வரும். டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போடுவது அவர் மட்டும் செய்வதில்லை; எல்லாருமே முதலில் கை வைப்பது அங்கேதான். பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்காது என்பதுதான் சங்கடம்.

நீங்கள் பிரிண்ட் கொடுக்கும் பக்கம் நேராகப் பிரிண்டருக்குப் போவதில்லை. முதலில் கப்ஸ் (ஆங்கிலத்தில் சி-யு-பி-எஸ்) என்ற சேவையின் வரிசையில் போய் நிற்கும். அங்கே அந்தப் பிரிண்டருக்குப் புரிகிற மொழிக்கு மாற்றப்படும். டிரைவர், ஃபில்டர் என்பதெல்லாம் இந்த வேலைக்குத்தான். பிறகு கேபிள் வழியாகவோ வைஃபை வழியாகவோ போய்ச் சேரும். எந்த இடத்தில் நின்றுபோனது என்பதை அறிகுறியே காட்டிக்கொடுத்துவிடும். கப்ஸை 1999-ல் வெளியிட்டவர் மைக்கேல் ஸ்வீட். 2007-ல் ஆப்பிள் அதை வாங்கியது. மேக்கிலும் உள்ளே ஓடுவது அதுதான். அதனால் மேக்காரர்கள் சொல்லும் தீர்வு சில நேரம் நமக்கும் பலிக்கும்.

டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் திரையில், அடிக்க வேண்டியதை அக்காவுக்குப் போனில் சொல்வது போலவே எழுதுகிறேன். எழுத்தெழுத்தாக, எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். கட்டளையில் டி என்றால் டேபிளில் வரும் டி, பி என்றால் பேப்பரில் வரும் பி; யு-எஸ்-பி-யில் மட்டும் பஸ்ஸில் வரும் பி. டெர்மினல் வேண்டாம் என்பவர்கள் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட், முக்காற்புள்ளி, 631 என்று போட்டால் கப்ஸின் பக்கம் திறக்கும். பாதி வேலையை அங்கேயே முடிக்கலாம்.

"முடிந்தது" என்கிறது, தாள் வரவில்லை

முடிந்தது என்று கணினி சொன்னால் அது பொய் சொல்லவில்லை, எங்கேயோ அனுப்பிவிட்டது. எங்கே என்பதுதான் கேள்வி. எல்-பி-எஸ்-டி-ஏ-டி, ஓர் இடம் விட்டு இடைக்கோடு, அதை ஒட்டி டி. இதை அடித்தால் என்னென்ன பிரிண்டர்கள் இருக்கின்றன, எது இயல்பாகத் தேர்வாகியிருக்கிறது, ஒவ்வொன்றும் எந்த முகவரியில் இருக்கிறது என்று வரிசையாகக் காட்டும்.

அக்காவை அதைப் படிக்கச் சொன்னேன். டிஃபால்ட் என்ற வரியில் வந்த பெயர் பிடிஎஃப். "ஹோம் ஃபோல்டர்ல பிடிஎஃப்னு ஒரு ஃபோல்டர் இருக்கா பாருங்க" என்றேன். இருந்தது. உள்ளே ஒன்பதாம் வகுப்புக் கணக்குக் கேள்வித்தாள், பதினொரு பிரதி. கப்ஸ்-பிடிஎஃப் என்றொரு போலிப் பிரிண்டர் உண்டு. தாளில் அடிக்காமல் கோப்பாகச் சேமித்துக் கொடுக்கும். எப்போதோ நான்தான் நிறுவியிருக்கிறேன், அது டிஃபால்ட் ஆகிவிட்டது. டிரைவரை மூன்று தடவை அல்ல, முப்பது தடவை மாற்றினாலும் தாள் வந்திருக்காது.

இதே குழப்பம் இன்னொரு வடிவத்திலும் வரும். ஒரே பிரிண்டர் பட்டியலில் இரண்டாகத் தெரியும்: நீங்கள் சேர்த்தது ஒன்று, கணினி தானாகக் கண்டுபிடித்துச் சேர்த்தது இன்னொன்று. இரண்டிலும் சோதனைத் தாள் கொடுத்துப் பாருங்கள். ஓடுவதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள்.

போலியும் இல்லை, இரட்டையும் இல்லை என்றால் பிரிண்டரின் மாடலைப் பாருங்கள். எச்பி லேசர்ஜெட் 1018, 1020 போன்றவற்றுக்கு உள்ளே நிரந்தரமாக ஃபர்ம்வேர் (பிரிண்டரை இயக்கும் உள் மென்பொருள்) கிடையாது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினிதான் அதை அனுப்பி வைக்க வேண்டும். அது போய்ச் சேரவில்லை என்றால் விளக்கு எரியும், தாள் வராது. கரண்ட் போய் வந்த பிறகு மட்டும் ஓடவில்லை, கேபிளைப் பிடுங்கிச் செருகினால் ஓடுகிறது என்றால் காரணம் இதுவேதான். எச்-பி, இடைக்கோடு, ஃபர்ம்வேர் என்ற கட்டளை கையால் அனுப்பிவிடும். ஆனால் அதற்கு எச்பியின் லினக்ஸ் மென்பொருளான எச்பிளிப்பின் பிளக்இன் உள்ளே இருக்க வேண்டும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

பட்டியலில் பிரிண்டரே இல்லை (யுஎஸ்பி கேபிள்)

எல்-எஸ்-யு-எஸ்-பி என்று அடியுங்கள். கணினியில் செருகியிருப்பவை எல்லாம் வரிசையாக வரும். ஒவ்வொரு வரியிலும் ஓர் எண் இருக்கும். முன்பாதி 03எஃப்0 என்றால் எச்பி, 04ஏ9 என்றால் கேனான், 04பி8 என்றால் எப்சன், 04எஃப்9 என்றால் பிரதர்.

அந்த வரியே இல்லையென்றால் மென்பொருளில் எதையும் தொடாதீர்கள். கேபிள், போர்ட், ஹப் இந்த மூன்றில் ஒன்றுதான். ஹப்பை எடுத்துவிட்டு நேராகச் செருகுங்கள், வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். அவ்வளவுதான்.

வரி இருக்கிறது, பட்டியலில் மட்டும் இல்லை என்றால் விஷயம் வேறு. புதிய மாடல்களில் ஐபிபி-யுஎஸ்பி என்ற சேவை குறுக்கே வரும். நெட்வொர்க் பிரிண்டரிடம் பேசும் அதே மொழியை யுஎஸ்பி கேபிள் வழியாகப் பேசுவது அதன் வேலை. டெபியன் என்ற லினக்ஸில் 11-ம் பதிப்பிலிருந்து இது சாதாரணமாகவே கூட வருகிறது. டிரைவர் எதுவும் இல்லாமலே பிரிண்டர் ஓடினால் அதற்கு இதுதான் காரணம். சிக்கல் என்னவென்றால், ஒரு நேரத்தில் ஒருவர்தான் கேபிளைப் பிடிக்க முடியும். இந்தச் சேவை பிடித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் தனியாக நிறுவிய டிரைவர் வாசலில் காத்துக்கொண்டே இருக்கும். "பிரிண்டர் கிடைக்கக் காத்திருக்கிறது" என்ற அர்த்தத்தில் ஒரு வரி ஓடும். என் யோசனை: தானாக வந்த டிரைவர் இல்லாத இணைப்பை முதலில் முயன்று பாருங்கள். அது நன்றாக ஓடினால் கம்பெனி டிரைவரை நீக்கிவிடுங்கள். அது சரிவராத மாடல் என்றால் மட்டும் ஐபிபி-யுஎஸ்பி சேவையை நிறுத்திவிட்டுக் கேபிளைப் பிடுங்கிச் செருகுங்கள்.

வரிசையில் நிற்கிறது, நகரவே இல்லை

நடுவில் தாள் தீர்ந்திருக்கும், அல்லது யாராவது கேபிளைத் தட்டிவிட்டிருப்பார்கள். ஒருமுறை பிழை வந்ததும் கப்ஸ் அந்த வரிசையையே நிறுத்தி வைத்துவிடும் அமைப்பு பல கணினிகளில் உண்டு. பிறகு பிரிண்டர் சரியானாலும் வரிசை தானாகக் கிளம்பாது. பிரிண்டர் அமைப்பில் பாஸ்டு அல்லது டிசேபிள்டு என்று காட்டும்.

ரெஸ்யூம் பொத்தானை அழுத்தலாம். இல்லையென்றால் கப்ஸ்எனேபிள் என்று சேர்த்து அடித்து, இடம் விட்டுப் பிரிண்டர் பெயர். ஆனால் அதற்கு முன் ஒன்று: கேன்சல், இடம், இடைக்கோடு, ஏ என்று அடித்துப் பழையதை எல்லாம் துடைத்துவிடுங்கள். தாள் வராதபோது நாம் சும்மா இருப்பதில்லை, மறுபடி மறுபடி பிரிண்ட் கொடுப்போம். வரிசையைத் திறந்ததும் அத்தனையும் கொட்டும். நான் ஒருமுறை அப்படி ஒரே ரயில் டிக்கெட்டை எட்டுப் பிரதி எடுத்தேன், கலரில்.

தாள் தாளாகக் கிறுக்கல் வருகிறது

ஒரு தாளில் மேலே ஒரே ஒரு வரி, புரியாத எழுத்துகள். அடுத்த தாளிலும் ஒரு வரி. ட்ரே காலியாகும் வரை இப்படியே துப்பிக்கொண்டிருக்கும். பதற்றத்தில் பலர் பிரிண்டரை ஆஃப் செய்து ஆன் செய்வார்கள். மறுபடியும் அதுவே தொடரும், ஏனென்றால் வேலை இன்னும் கணினியின் வரிசையில்தான் இருக்கிறது. முதலில் தாளை உருவுங்கள், பிறகு மேலே சொன்ன கேன்சல், அதற்குப் பிறகு ஆஃப்.

வந்த தாள்களைத் தூக்கிப் போடாமல் முதல் தாளை மட்டும் படித்துப் பாருங்கள். சதவீதக் குறி, ஆச்சரியக் குறி, அதை ஒட்டி பெரிய எழுத்தில் பி-எஸ் என்று தொடங்கினால் அது போஸ்ட்ஸ்கிரிப்ட். அந்த மொழி தெரியாத பிரிண்டருக்கு அதை அனுப்பியிருக்கிறீர்கள். அதுவும் கிடைத்ததை எழுத்தாகவே அடித்துவிட்டது. மின்னஞ்சல் முகவரியில் வரும் அட் குறியோடு பி-ஜே-எல் என்று தொடங்கினாலும் கதை அதேதான். மாடலைத் தவறாகத் தேர்ந்திருக்கிறீர்கள். பிரிண்டரை நீக்கி, சரியான மாடல் பெயரோடு சேர்த்தால் போதும். "இது கிட்டத்தட்ட அதே மாடல்தானே" என்று பக்கத்துப் பெயரைத் தேர்ந்தால் பெரும்பாலும் இதில்தான் முடியும். டிரைவரை மாற்றுவது உண்மையிலேயே மருந்தாக இருக்கும் இடங்களில் இது ஒன்று.

ஃபில்டர் ஃபெயில்ட்

இன்னொரு இடம் இது. பக்கத்தைப் பிரிண்டர் மொழிக்கு மாற்றும் கட்டத்தில் ஏதோ ஒரு துண்டு இல்லை என்று அர்த்தம். எது இல்லை என்பது கம்பெனியைப் பொறுத்தது.

எச்பி என்றால் எச்பிளிப். லேசர்ஜெட் 1020, பி1007, பி1108, எம்1005 என்று நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் வீடுகளிலும் சாதாரணமாகக் கண்ணில் படுகிற பலவற்றுக்கு எச்பிளிப் மட்டும் போதாது. பிளக்இன் என்ற மூடிய துண்டு ஒன்றைத் தனியாக இறக்க வேண்டும். எச்-பி, இடைக்கோடு, பிளக்இன் என்று அடித்தால் அதுவே கேட்டுக் கேட்டு இறக்கும், இன்டர்நெட் வேண்டும். இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: பிளக்இன் பதிப்பும் எச்பிளிப் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். சிஸ்டம் அப்டேட்டில் எச்பிளிப் புதிதாகிவிடும், பிளக்இன் பழையதாகவே கிடக்கும். "நேத்து வரைக்கும் ஓடுச்சு, அப்டேட் பண்ணினேன், நின்னுபோச்சு" என்று யாராவது சொன்னால் நான் வேறு எதுவும் கேட்பதில்லை, அந்தக் கட்டளையை மறுபடி ஓட்டச் சொல்வேன்.

எப்சன் எல்3110, எல்3150 போன்ற இங்க் டேங்க் மாடல்கள் அவ்வளவு படுத்துவதில்லை. பிரிண்டர்-டிரைவர்-எஸ்கேப்-ஆர் என்ற பொதி உபுண்டு, டெபியன் களஞ்சியத்திலேயே இருக்கிறது. தேடும்போது இ-எஸ்-சி-பி-ஆர் என்று தேடுங்கள். பிரதர் கறுப்பு-வெள்ளை லேசர்களில் பலவற்றுக்கு பிஆர்லேசர் என்ற திறந்த டிரைவர் உண்டு. கம்பெனி டிரைவருக்கு முன் அதை முயன்று பார்க்கலாம்.

கேனான் எல்பிபி2900 வைத்திருப்பவர்களிடம் கொஞ்சம் இரக்கத்தோடுதான் பேச வேண்டியிருக்கிறது. இயந்திரம் உழைப்பாளி, சந்தேகமில்லை. ஆனால் அது பேசுவது காப்ட் என்ற தனிமொழி. கம்பெனியின் பழைய லினக்ஸ் டிரைவர் 32 பிட் லைப்ரரிகளைக் கேட்கும். பின்னணியில் சிசிபிடி என்ற சேவை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் பிரிண்டும் நின்றது. காப்ட்டிரைவர் என்று தன்னார்வலர்கள் எழுதிய திறந்த மாற்று ஒன்று இருக்கிறது. முதலில் அதை முயல்வேன். அதிலும் வரவில்லை என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் செலவழிக்க மாட்டேன்.

வைஃபை பிரிண்டர்: நேற்று இருந்தது, இன்று இல்லை

ரவுட்டர் இன்று அதற்கு வேறு முகவரி கொடுத்திருக்கும். நேற்று 192.168.1.5, இன்று 192.168.1.8. கணினி இன்னும் பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. பிரிண்டரின் சின்னத் திரையிலோ அது அச்சடித்துத் தரும் நெட்வொர்க் தாளிலோ இன்றைய முகவரி இருக்கும். அதைப் பிரவுசரில் போட்டுப் பாருங்கள். பிரிண்டரின் சொந்தப் பக்கம் திறந்தால் இணைப்பு நன்றாக இருக்கிறது, கப்ஸில் முகவரியை மாற்றினால் போதும். பிறகு ரவுட்டர் அமைப்பில் அந்த முகவரியைப் பிரிண்டருக்கென்று ஒதுக்கிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை, மறுபடி அந்தப் பக்கம் போக வேண்டியிருக்காது.

முகவரியைக் கையால் சேர்க்கும்போது: ஐ-பி-பி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பிரிண்டர் முகவரி, சாய்கோடு, ஐ-பி-பி, சாய்கோடு, பிரிண்ட். டிரைவர் பட்டியலில் ஐபிபி எவ்ரிவேர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஏர்பிரிண்ட் ஆதரவு உள்ள எந்தப் பிரிண்டரிலும் பெரும்பாலும் இது ஓடிவிடும். ஐபோன்காரர்களுக்காக 2010-ல் ஆப்பிள் கொண்டுவந்த வசதி லினக்ஸ்காரர்களுக்குத்தான் அதிகம் உதவியது என்று நான் சொல்வதுண்டு. புதிதாகப் பிரிண்டர் வாங்கப் போனால் பெட்டியில் ஏர்பிரிண்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரரிடம் லினக்ஸ் என்று கேட்டு அவர் முகத்தைப் பார்ப்பதைவிட இது சுலபம்.

போனில் பிரிண்டர் தெரிகிறது, கணினியில் தெரியவில்லை என்றால் இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இல்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள். பல பிரிண்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும். கணினி 5-ல் இருப்பது தவறில்லை, ஆனால் ரவுட்டர் இரண்டையும் பிரித்து வைத்திருந்தாலோ, ஒன்று கெஸ்ட் வைஃபையில் இருந்தாலோ ஒன்றை ஒன்று பார்க்காது. நெட்வொர்க் சரியென்றால் அதில் பிரிண்டர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஆவாஹி சேவை ஓடுகிறதா, ஃபயர்வாலில் யுடிபி 5353 திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நெட்வொர்க் பிரிண்டர்களைத் தானாகச் சேர்க்கும் சேவை கப்ஸ்-பிரவுஸ்டு. அது முகவரி தரவில்லை என்ற பொருளில் பிழை வந்தால், அது தானாகச் சேர்த்த வரிசையை நீக்கிவிட்டு மேலே சொன்னபடி நேராகச் சேருங்கள். 2024 செப்டம்பரில் இந்தச் சேவையில் பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியானது. வெளியிலிருந்து ஒருவர் உங்கள் கணினியில் போலிப் பிரிண்டரைச் சேர்த்து, நீங்கள் அதில் பிரிண்ட் கொடுக்கும்போது தன் கட்டளையை ஓட்ட முடியும் என்ற அளவுக்கு. அப்டேட் வந்துவிட்டது. இருந்தாலும் வீட்டில் ஒரே ஒரு பிரிண்டர் வைத்திருப்பவருக்கு அந்தச் சேவை தேவையே இல்லை. நான் நிறுத்தியே வைத்திருக்கிறேன்.

விளக்கு மினுக்குகிறது, ட்ரே நிறையத் தாள் இருக்கிறது

லினக்ஸ் நிறுவும்போது மொழி என்ற இடத்தில் அமெரிக்க ஆங்கிலத்தைத் தேர்ந்தீர்களா? அப்படியென்றால் தாள் அளவும் அமெரிக்காவுக்குப் போயிருக்கும். அங்கே லெட்டர், 216-க்கு 279 மில்லிமீட்டர். இங்கே ஏ4, 210-க்கு 297. கணினி லெட்டர் என்று அனுப்புகிறது, பிரிண்டர் அந்தத் தாளுக்காக விளக்கை மினுக்கிக்கொண்டு காத்திருக்கிறது. திரை உள்ள பிரிண்டரில் லோட் லெட்டர் என்று வரும். அது கடிதம் கேட்கவில்லை. சில பிரிண்டர்கள் காத்திருக்காமல் அடித்துவிடும், அப்போது ஓரம் வெட்டுப்படும் அல்லது அடியில் வெள்ளைப் பட்டை விழும்.

மூன்று இடத்தில் மாற்ற வேண்டும். கப்ஸ் பக்கத்தில் அந்தப் பிரிண்டரின் டிஃபால்ட் ஆப்ஷன்ஸில் ஏ4. கணினி அமைப்பில் ஃபார்மட்ஸ் என்ற இடத்தில் இந்தியா. மொழி ஆங்கிலமாகவே இருக்கட்டும். மூன்றாவது லிப்ரே ஆபீஸில் ஏற்கெனவே உருவாக்கிய கோப்பு. அதன் உள்ளே லெட்டர் என்று பதிந்திருந்தால் வெளியே எதை மாற்றினாலும் அது அதையேதான் கேட்கும். பேஜ் ஸ்டைலில் போய் மாற்றுங்கள்.

தமிழ் மட்டும் கட்டங்களாக, ஆங்கில எழுத்துகளாக வருகிறது

இது பிரிண்டர் கோளாறே இல்லை, ஆனாலும் என்னிடம் பிரிண்டர் கோளாறு என்றுதான் வரும். திருமண அழைப்பிதழ், பழைய சங்கத் தீர்மானம், கோயில் நோட்டீஸ் எல்லாம் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். எழுத்துரு அதற்குத் தமிழ் வேஷம் போடுகிறது. பாமினியில் அம்மா என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். உங்கள் லினக்ஸில் அந்த எழுத்துரு இல்லையென்றால் வேஷம் கலைந்து அந்த ஐந்தும் அப்படியே தாளில் வரும். அனுப்பியவரிடம் எழுத்துருவைப் பதித்த பிடிஎஃப் கேளுங்கள், அல்லது ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றிக்கொள்ளுங்கள்.

திரையில் தமிழ் சரியாக இருந்து தாளில் மட்டும் கொம்பும் காலும் இடம் மாறினால் கதை வேறு. அந்தக் கோப்பைப் பிடிஎஃப் பார்வையாளரில் திறந்து, பிரிண்ட் பெட்டியில் படமாக அச்சிடும் தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். கொஞ்சம் மெதுவாக வரும், ஆனால் திரையில் கண்டது தாளில் வரும்.

பாஸ்வேர்ட் கேட்டு உள்ளே விட மாட்டேன் என்கிறது

கப்ஸ் பக்கம் கேட்பது உங்கள் கணினி லாகின் பெயரும் பாஸ்வேர்டும்தான். உபுண்டு, மின்ட், டெபியனில் எல்பிஅட்மின் என்ற குழுவில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். ஃபெடோராவில் வீல் குழு போதும். குழுவில் சேர்த்த பிறகு லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள்.

வெள்ளைத் தாள் வருகிறது

ஸ்கேனர் சேர்ந்த பிரிண்டர் என்றால் கணினியைக் கழற்றிவிட்டு அதிலேயே ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். அதுவும் வெள்ளையாக வந்தால் டோனர் சீல் கிழிக்கவில்லை, அல்லது இங்க் ஹெட் காய்ந்துவிட்டது. லினக்ஸுக்குச் சம்பந்தமில்லை.

மேலே எதிலும் அடங்கவில்லை

கப்ஸ் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறது, ஆனால் கேட்டால்தான் விரிவாக எழுதும். சூடோ (எஸ்-யு-டி-ஓ, இங்கே மட்டும் டாக்டரில் வரும் டி), இடம், கப்ஸ்சிடிஎல், இடம், இரண்டு இடைக்கோடு, டீபக், இடைக்கோடு, லாகிங். கப்ஸ்சிடிஎல் என்பது சி-யு-பி-எஸ்-சி-டி-எல். பிறகு ஒரே ஒரு பக்கம் பிரிண்ட் கொடுங்கள், ஒன்றுக்கு மேல் வேண்டாம். வார் ஃபோல்டருக்குள் லாக், அதற்குள் கப்ஸ், அதற்குள் எரர்-அண்டர்ஸ்கோர்-லாக் என்ற கோப்பைத் திறந்து கடைசியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். பெரிய இ-யில் தொடங்கும் வரிகள்தான் பிழை. டாக்டரில் வரும் பெரிய டி-யில் தொடங்குபவை அதன் புலம்பல். முதல் இ வரிக்குக் கொஞ்சம் மேலே எந்தக் கோப்பு இல்லை, எந்த அனுமதி இல்லை என்று பெயரோடு இருக்கும். யாரிடமாவது உதவி கேட்பதானால் அந்த இருபது வரியை அனுப்புங்கள். "பிரிண்டர் ஓடல" என்று மட்டும் சொன்னால் அவரும் டிரைவரை மறுபடி போடத்தான் சொல்வார்.

பார்த்து முடித்ததும் அதே கட்டளையில் டீபக்கிற்கு முன் நோ, இடைக்கோடு சேர்த்து அடித்து நிறுத்திவிடுங்கள். அக்கா கணினியில் ஒருமுறை நிறுத்த மறந்தேன். அடுத்த மாதம் வந்த போன் பிரிண்டரைப் பற்றியதாக இல்லை, "தம்பி, டிஸ்க்ல இடம் இல்லைங்குது."